தெற்குச் சுவரில் நான்கு தகடுகள்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆக்லாந்திலிருந்து லூசியா, என் கணவரின் அக்கா, போன் செய்தாள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம்கூட இன்னும் கழுவவில்லை. என் கணவர் உவெலெசே போனைப் பாயில் வைத்து, அவளே எதிரில் இருப்பது போலச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சட்டைக் கையைத் தலைகீழா தெச்சியாமே தம்பி? ஊரே சிரிக்குது. தையல் போதும், இங்க வா. பழக் கிடங்குல அடுக்குற வேலை. ஊசில நூல் கோக்க வேண்டாம்."

"சரிக்கா."

அவ்வளவுதான். சமோவாவில் அக்கா சொன்னால் தம்பி மறுப்பதில்லை. நான் தம்பி இல்லையே. போனை எடுத்தேன்.

"கண்ணுல கோளாறு இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார்க்கா. அந்த ரூம்தான் இருட்டு. கூரையில நாலு தகடு, வெளிச்சம் விடுற பிளாஸ்டிக்கா மாத்தினா போதும்."

"படிச்சவ சொல்றே. தகட்டை நானே அனுப்பறேன். வெள்ளை ஞாயிறு வரைக்கும் பாக்கறேன். ஒரு சட்டை கோணினாலும் அவன் பிளேன் ஏறணும்."

ஆகஸ்ட் 20

அக்டோபரில் வரும் வெள்ளை ஞாயிறன்று பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுத்தி ஆலயத்தில் நிற்பார்கள். அவரிடம் தைக்க வந்திருப்பது நாற்பத்தொரு உடை. வெள்ளைத் துணி, வெள்ளை நூல். காலை பத்து மணிக்கே ட்யூப் லைட் போடுகிறார். மின்சாரம் போனால் கையைக் கட்டி உட்கார்கிறார்.

அக்காவுக்கு எழுதினேன்: கண்ணாடி மாதிரித் தெளிவானது வேண்டாம், அறை அடுப்பாகிவிடும், பால் நிறத் தகடு. உடனே படம் அனுப்பினாள். சரி என்றேன்.

செப்டம்பர் 14

கப்பலில் வந்துவிட்டது. தச்சர் தானியேலு ஒரு தகட்டைக் கூரைமேல் வைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"டீச்சர், உங்க கூரை அலை அலையா வளையுது. இது படிக்கட்டு மாதிரி மடிஞ்சிருக்கு. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா ஒழுக்குதான் பொறக்கும்."

அக்கா தன் வீட்டுக் கார் கொட்டகைக் கூரையைப் பார்த்து வாங்கியிருக்கிறாள். நான்? இருபத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்துகிறவள். படத்தில் நிறத்தை மட்டும் பார்த்தேன்.

செப்டம்பர் 15

அக்கா தப்பாக அனுப்பினாள் என்று அவர் சொல்லமாட்டார். நானும் சொல்லவில்லை. அதில் பாதி என் தப்பு.

செப்டம்பர் 17

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தோன்றியது — கூரையில்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? சுவரில் போட்டால் எந்த அலையோடும் பொருந்த வேண்டாம். தெற்குச் சுவர். இங்கே சூரியன் இப்போது வடக்குப் பக்கம்; அக்டோபர் கடைசி வரை அங்கே நடுப்பகல் வெயில் விழாது. அப்புறமும் கூரை விளிம்பு இரண்டடி நீண்டிருக்கிறது. இது சரிவரும். சந்தேகமில்லை.

செப்டம்பர் 21, சனி

ஒட்டுப்பலகையை அறுத்தெடுத்துத் தகடுகளை நிறுத்தினார்கள். மடிப்புகளின் மேலே இருந்த இடைவெளியில் கொசுவலை. காற்றும் வருகிறது. அச்சிட்ட தாள் ஒட்டிய பக்கம்தான் வெயிலைத் தாங்கும். அதை வெளியே திருப்பும்வரை நான் நகரவில்லை.

"சுவத்துல கூரை போட்டாச்சு. தரையில ஜன்னல் வெச்சிரலாமா டீச்சர்?" என்றார் தானியேலு.

உவெலெசே சிரித்தார். எத்தனை நாளாயிற்று! பிறகு மெஷினில் உட்கார்ந்து ஒரு கழுத்துப் பட்டியை ஓட்டினார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நூல் தெரியுது."

அக்டோபர் 3

முப்பது முடிந்தது. பகலில் விளக்கே போடவில்லை.

அக்டோபர் 13, வெள்ளை ஞாயிறு

நாற்பத்தொன்றும் ஆலயத்தில் நின்றன. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அக்கா போனில் வீடியோ பார்த்துப் பாராட்டினாள். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"ஒண்ணு கோணல்க்கா. மூணாவது வரிசைப் பொண்ணு. பாவாடை விளிம்பு எடப்பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு."

ஒன்று கோணினாலும் பிளேன் என்று சொன்னவளிடமே! அக்கா வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலையேடா. அது உனக்குத் தெரியுதுன்னா, இங்க வந்து ஆப்பிள் அடுக்கி என்னத்தக் கிழிக்கப் போறே?"

தூரப் பார்வை வேறு, கிட்டப் பார்வை வேறு. அதை அக்காவிடம் விளக்க நான் முற்படவில்லை.

அக்டோபர் 16

தையல் மேசையில் காலருக்கான மாதிரித் தாள் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். விசா விண்ணப்பம். பெயர் மட்டும் எழுதியிருந்தார். கத்தரிக்கோல் அதன் குறுக்கே அழகாக வளைந்து போயிருந்தது.