சோப்புத் தண்ணீர் வரிசை

பிப்ரவரி 10, திங்கள்
பனி விலக நேரமாயிற்று. கோட்டை மலை தெரியவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மாடியில் மிளகாய் காயப்போட்டேன்.

மாடியில் பாதி இடம் ஜெனிபருடையது. பி.எஸ்சி. கடைசி ஆண்டு. அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். கல்லூரி மாடியில் குரங்குத் தொல்லை. அதனால் ஆராய்ச்சி என் வீட்டில். காராமணித் தொட்டிகள், இரண்டு வரிசை. ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்குத் துணி அலசிய சோப்புத் தண்ணீர்.

இன்று அளந்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டும் ஒரே ஒசரம் ஆயா. சோப்புத் தண்ணியால ஒண்ணுமே ஆவல."

ஆயா என்று அழைக்காதே, மேடம் என்று சொல் என்றேன். சொல்லவேண்டியது அதுவல்ல.

சோப்பு வரிசை வாடியபோதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றியவள் நான். இரக்கமன்று, வாடிய செடி கண்ணை உறுத்தியது. இதில் எனக்குத் தாவரவியலில் முதுகலைப் பட்டம் வேறு.

11, செவ்வாய்
முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரித் துறையில் அவள் ஆராய்ச்சி முடிவைச் சொல்ல வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான். போகட்டும், யாருக்கு நட்டம் என்று நினைத்திருந்தேன்.

மாலையில் சொல்கிறாள்: "எங்கம்மா கத்திரிக்கெல்லாம் துணி தண்ணிய வுட ஆரம்பிச்சிடுச்சி. கெணறு வத்திப்போச்சில்ல."

பால் பொங்கி வழிந்தது. வாழைப்பழம் கொடுத்து அனுப்பினேன். நான் ஒரு கோழை.

13, வியாழன்
நேற்று அவள் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. அதுவும் குற்றம்தான்.

இன்று சொல்லிவிட்டேன். தொட்டிகளின் அருகே அப்படியே உட்கார்ந்தாள்.

"எத்தினி வாட்டி ஊத்துனீங்க?"

"நினைவில்லை."

"எந்தச் செடிக்கு?"

"வாடியதற்கெல்லாம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். போனை எடுத்தாள். "மா, கத்திரிக்கு அந்தத் தண்ணிய வுடாத. நல்லதுன்னு சொன்னது தப்பு. இன்னா பண்றது, என் தப்புதான்."

என் தப்பு என்கிறாள், என் எதிரிலேயே.

14, வெள்ளி
வெயில் சுள்ளென்று.

துறையில் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லையாம். "மாடிக்குப் பூட்டு கெடையாதாம்மா?" என்று ஆசிரியர் கேட்க, வகுப்பே சிரித்ததாம். முதலிலிருந்து செய்யச் சொல்லி, தேர்வு வரை நேரம்.

"கத்திரி?"

"எல ஓரம் கருகிடுச்சி. பொழச்சிக்கும்."

புது விதை ஊன்றினாள். பையிலிருந்து ஒரு பூட்டு எடுத்தாள், கடைத்தெருவில் வாங்கியது. மாடிக் கதவைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்கிட்டயே இருக்கட்டும் மேடம்."

மேடம்.

மிளகாய் மேலேயே கிடக்கிறது. கேட்கவில்லை.