எங்கள் வீட்டுக் குண்டு மெஷின்

மே 7, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட லேபுக்கு லீவு. வடகத்துக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் லாரி.

இவர் மெட்ராஸ் போனது கடைக்கு ஐஸ்பெட்டி வாங்க. பஸ் ஸ்டாண்டு எதிரில் எங்கள் சோடாக் கடை, வெயில் காலத்தில் வெதுவெதுப்பான கலர் சோடா. ஐஸ்பெட்டி வாங்குங்க, வாங்குங்க என்று நான் சொல்லிச் சொல்லி அனுப்பி வைத்தது. துறைமுகத்தில் ஏலமாம். இறக்கியது ஐஸ்பெட்டி இல்லை. நாலு கால், சாய்ந்த பெட்டி, மேலே கண்ணாடி, தலைமாட்டில் படம் போட்ட இன்னொரு கண்ணாடி. உள்ளே இரும்புக் குண்டு ஓடுமாம். கீழே விழாமல் ரெண்டு துடுப்பால் அடிக்கணுமாம். விளக்கு எரியுமாம், எண் ஏறுமாம். வெள்ளைக்காரங்க கிளப்பில் ஆடுவது.

ஓடுதா என்று அத்தை கேட்டார். ஓடாதாம். அதனால்தான் நமக்குக் கிடைத்ததாம்.

படத்தில் ஒரு வெள்ளைக்காரி. துணியில் சிக்கனம். அத்தை பழைய பாவாடை ஒன்றைக் கிழித்து மூடிவிட்டார்.

இவரோடு பேசுவதில்லை. இன்று முதல்.

மே 8, செவ்வாய்

ரசம், அப்பளம். இருக்கிற கோபத்துக்கு அவ்வளவுதான்.

பேச்சு எல்லாம் அத்தை வழியாக. "அவள கேளும்மா, டெஸ்டர் எங்க கீதுன்னு." பீரோ மேலே இருக்கிறது என்று நானும் அத்தையிடம் சொன்னேன். மூணு பேரும் ஒரே அறையில்தான்.

மத்தியானம் பிளக்கைச் சுவரில் செருகப் போனார். பின்பக்கத் தகட்டில் 110 வோல்ட் என்று போட்டிருப்பதை நேற்றே பார்த்துவிட்டேன். நம்ம வீட்டுக் கரண்ட் அதற்கு இரட்டிப்பு. கையை எடுங்க என்று கத்திவிட்டேன். இது பேச்சில் சேராது. உயிருக்கு ஆபத்து. (பெட்டி உயிருக்கு.)

மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பாஷா பாயைக் கூப்பிட்டோம். கரண்டைப் பாதியாக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று அவரிடம் இருந்தது. இரவல். ஜல்தியா திருப்பிக் குடுத்துடணும் என்றார். மாவாட்டும் கல் கனம்.

மே 9, புதன்

வெயில். எண்ணெய் தீர்ந்தது, வாங்கணும்.

சுவிட்சு போட்டோம். எல்லா விளக்கும் எரிந்தது. இவர் கை தட்டினார். உடனே உள்ளே மோட்டார் சுற்ற ஆரம்பித்து நிற்கவில்லை. மணியும் அடிக்க ஆரம்பித்து நிற்கவில்லை. எதிர் வீட்டில் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள், தீயணைப்பு வண்டி என்று நினைத்து. ஒருத்தர் வாளித் தண்ணீரோடு.

பின்கதவைத் திறந்தேன். சும்மா பார்க்க. துணி சுற்றிய ஒயர் கத்தை கத்தையாக. வரிசையாக ரிலே. பத்தாவது பிள்ளைகளுக்கு நான் எடுத்து வைக்கும் மின்சார மணிதான் இது. கரண்ட் வந்தால் சுருள் காந்தமாகும், தகட்டை இழுக்கும், ரெண்டு முனை சேரும். அதே சங்கதியை ஒரு பெட்டி நிறைய அடைத்திருக்கிறான்.

உள்ளே கிடைத்தவை: ஹேர்பின், பட்டன், செத்த கரப்பான்கள், ஒரு பல். யாருடையதோ.

முனை எல்லாம் கரி. கல்யாணப் பத்திரிகையைக் கீற்றாக நறுக்கி நடுவில் விட்டு இழுத்தால் அட்டை கறுத்து வருகிறது. அத்தையின் தங்கை மகன் கல்யாணம் தீர்ந்தது. பெரணமல்லூர் கல்யாணத்தை எடுத்திருக்கிறேன்.

மே 10, வியாழன்

ஒருத்தர் மேலே குண்டை உருட்டணும். ஒருத்தர் கீழே படுத்து, டார்ச் அடித்து, எந்த ரிலே இழுக்கிறது என்று பார்க்கணும். நடுவில் நின்று சொல்லி அனுப்ப அத்தைக்குப் பொறுமை இல்லை. "நீங்களே பேசிக்கோங்க, எனக்குப் பேஜாரா கீது" என்று போய்விட்டார்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"ம்."

காலை முழுக்க இதுதான். இதுவும் பேச்சில் சேராது.

மணி நிற்காததற்குக் காரணம் ஒட்டிக்கொண்ட முனை. பிரித்தேன், நின்றது. மோட்டாருக்கு, வளைந்த ஒரு தகடு. லேப் இடுக்கியால் நிமிர்த்தினேன். அதுவும் நின்றது. அப்புறம் புதுக் கோளாறு. குண்டைத் தொடுவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து, துடுப்பு ரெண்டும் செத்துப் போகிறது. பெட்டியை ஆட்டி ஏமாற்றுகிறவனைப் பிடிக்க உள்ளே ஒரு தூக்குக்குண்டு, அதைச் சுற்றி வளையம். பெட்டி சாய்ந்தால் ரெண்டும் தொடும், ஆட்டம் காலி. ஆனால் யாரும் ஆட்டவில்லையே?

இவர் தரையில் தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் எல்லாம் ஒரு பக்கம். சாய்ந்திருப்பது வீடு.

"கட்டுன நாள்லேர்ந்து சொல்லிகினு கீறேன். ஒரு மெஷின் வந்து சொன்னாதான் நம்புவீங்க" என்றார் அத்தை. இவர் சிரித்தார். நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சிரித்தேன்.

பெட்டிக் காலுக்கடியில் ஓட்டுச்சில்லு. சரியானது.

மே 11, வெள்ளி

மறுபடி செத்தது. திறந்து பார்த்தால் எல்லாம் பளபள. நான் குளிக்கப் போன நேரத்தில், கரகரவென்று சத்தம் வருதே என்று, ஒவ்வொரு ரிலேவுக்கும் இவர் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறார். பாசமாக. எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் முனை எங்கே தொடும்?

கத்தித் தீர்த்தேன். எண்ணெய், ஐஸ்பெட்டி, வெதுவெதுப்பான கலர், எல்லாம். இது பேச்சில் சேரும்.

இவர் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார். "ஐஸ்பெட்டியும் அங்கதான் இருந்திச்சு கஸ்தூரி. நல்லாதான் இருந்திச்சு. இத பார்த்தேன், சந்தோஷமா இருந்திச்சு. வேற காரணம் இல்ல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் தனக்கென்று வாங்கியது என்ன என்று யோசித்தேன். ஒரு குடை. அதையும் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் எடுத்துப் போகிறேன்.

பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் இவரும். ஒன்றொன்றாகத் துடைத்தோம். சாயங்காலம் ஓடியது.

முதல் ஆட்டம் எனக்காம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன். இவர் எண்ணைச் சத்தமாகப் படித்தார். அந்தப் பச்ச விளக்க அடிடி என்று அத்தை.

மே 12, சனி

கடைக்கு ஏற்றியாச்சு. கும்பல். ரைஸ்மில் ஆட்கள், பட்டு வாங்க வந்தவர்கள், போளூர் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். காசுப் பொந்தில் நம்ம காசு நுழையாது. இவரே கையை விட்டு உள்ளே ஒரு கம்பியை அழுத்துகிறார்.

ஏட்டு வந்தார். சோடாக் கடையில் குண்டு மெஷின் வைத்திருப்பதாகத் தகவலாம். குண்டை எடுத்துக் காட்டினோம். உருட்டிப் பார்த்தார். ஆடியும் பார்த்தார். எண் நிறைய ஏறினால் மெஷின் உள்ளே டொக்கென்று ஓர் அடி அடித்து ஓர் ஆட்டம் இலவசமாகத் தரும். அடித்தது. ஏட்டு பின்னால் குதித்தார். தொப்பி சோடாப் பெட்டிக்குள்.

தொப்பியைத் துடைத்துப் போட்டதும் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. ஜெயித்தவனுக்கு ஏதோ கிடைக்கிறது, அப்படியென்றால் சூதாட்டம், ஸ்டேஷனுக்கு ஏற்றணும் என்றார். இவர் முகம் செத்துப் போனது. பார்க்க முடியவில்லை. பின்கதவைத் திறந்து, இலவச ஆட்டத்துக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி ஏட்டிடம் காட்டினேன். இனி எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒன்றும் கிடைக்காது என்றேன்.

"ஒண்ணுமே கெடைக்காதா?"

ஒன்றுமே. திரும்பவும் கேட்டார். அப்படியானால் குற்றமில்லை என்று போனார்.

மே 13, ஞாயிறு

லேசான தூறல். மண் வாசனை.

கடை திறந்ததும் முதல் ஆளாக லுங்கியில் ஒருத்தர். ஏட்டு. லீவாம். நாஷ்டாகூட ஆகவில்லையாம். ஆடினார், ஆடினார். நேற்றைவிட நல்ல எண். டொக் இல்லை. இவர் காதில் ஏதோ குசுகுசுத்தார். இவர் என் பக்கம் கை காட்டினார். "மெக்கானிக்க கேளுங்க."

ஏட்டு என்னிடம் வந்து நின்றார். "அந்த ஒயர, ஞாயித்துக்கெழமை மட்டும் சேக்க முடியுங்களாம்மா?"

எழுதி, ஸ்டேஷன் முத்திரை போட்டுக் கொண்டாங்க, சேர்த்துடறேன் என்றேன்.

இவர் கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார், தோள் குலுங்குகிறது. ஏட்டு பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கிறார். இதை எழுதும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.