பவித்ராவின் நம்பர்

மார்ச் 10, திங்கள்

காலை எட்டுக்கே வெயில். மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் ஃபேன் காற்று சுடுகிறது. தண்ணீர் கேன் வரவில்லை. பிரிண்டர் மறுபடி மக்கர்.

‘பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையம்’ என்று போர்டு மட்டும் பெரிசு. உள்ளே டைரக்டர் சார், நான், முன்மேசையில் ஷிப்ட் போட்டு உட்கார மாணவர்கள். இந்தத் தடவை மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது ஒருத்திதான். கஜலட்சுமி, பி.காம். இரண்டாம் வருஷம். கஜான்னு கூப்பிடுங்க மேடம் என்றாள். தொண்டை என்றால் தொண்டை, கேன்டீன் வரை கேட்கும்.

இன்று சொல்லிக்கொடுத்தது:

– வருகிறவரை நிமிர்ந்து பார். உன் போனைக் கவிழ்த்து வை.
– பெயர், இனிஷியல், துறை. இனிஷியல் கேட்காமல் எழுதாதே. (அருணாசலம் மட்டும் ஒரு டஜன் இருக்கிறான்கள் இந்த வளாகத்தில்.)
– சார் அறைக்குள் யாரையும் நேரே விடாதே.
– வீட்டுக்குப் போன் போட்டால், எடுத்தவரிடம் உன் பெயர், ஆபீஸ் பெயர், விஷயம். மூன்றையும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடு.

கடைசியானது நான் போட்ட சட்டம். போன வருஷம் மேசையில் இருந்த பையன் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போன் போட்டு, “அவங்ககிட்டதான் பேசணும்” என்றான். அவ்வளவுதான். சாயந்திரம் அண்ணன்காரன் பைக்கில் வந்து சட்டையைப் பிடித்தான். ரெஜிஸ்டரில் பெண்கள் பெயருக்கு எதிரே இருப்பதெல்லாம் அப்பா நம்பர்தான், அட்மிஷன் போடும்போது எழுதியது. விஷயத்தை மறைத்தால்தான் வம்பு.

ஒத்திகை. நான் அப்பா வேஷம். “யாரும்மா நீ, எம் பொண்ண எதுக்குக் கேக்கற?” என்று உறுமினேன். கஜா அசரவில்லை. “வணக்கம்ங்கப்பா, நான் கஜலட்சுமி, யூனிவர்சிட்டி வேலைவாய்ப்பு மையத்துலேர்ந்து பேசறேன். உங்க பொண்ணுக்கு நாளைக்கு இன்டர்வியூ இருக்குதுங்க.” சூப்பர் என்றேன். உண்மையிலேயே சூப்பர்.

வாங்க: தோசை மாவு, தலைவலித் தைலம். கேஸ் புக் பண்ண வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

மேகமூட்டம். தூறும் போல இருந்து ஏமாற்றியது.

மேசையில் காதில் விழுந்தது. ஒரு பையன்: “பெங்களூர்ல வெயில் கம்மிதானே? அப்ப என் பேர அதுல போடுங்க.” கஜா: “வெயில் பாத்தா வேலை தேடுவ? ரெஸ்யூம்ல போட்டோவக் காணோம், மொதல்ல அத ஒட்டு.”

மெதுவாகப் பேசு என்றேன். இரண்டு நிமிஷம் மெதுவாகப் பேசினாள். வீட்டில் இப்போது அவளை ‘ஆபீஸ் போற பொண்ணு’ என்கிறார்களாம். அவள் அம்மா துப்பட்டாவைக்கூட இஸ்திரி போட்டுத் தருகிறாராம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஓசூர் கம்பெனியின் தேர்வுப் பட்டியல் நாளை வருமாம். மாவு வாங்க மறந்தேன்.

மார்ச் 12, புதன்

பட்டியல் வந்தது. ஒன்பது பேர். அதில் ஒரே பெண், பவித்ரா, இயற்பியல் மூன்றாம் வருஷம், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கம்பெனி ஹாஸ்டல் உண்டு. திங்கள் மாலை நாலுக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

ரெஜிஸ்டரிலிருந்து நம்பர்களை எடுத்து, பட்டியலோடு கஜாவிடம் கொடுத்தேன். எல்லாருக்கும் போட்டுச் சொல்லிடு என்று சொல்லிவிட்டு வேங்கிக்கால் ஓடினேன். கலெக்டர் ஆபீஸில் வேலைவாய்ப்பு முகாம் கூட்டம். இரண்டு பிஸ்கட், ஒரு ஆறிய டீ, இரண்டரை மணி நேரம்.

மூன்றரைக்குத் திரும்பினால் கஜா வாயெல்லாம் பல். “ஒம்போது பேருக்கும் சொல்லிட்டேன் மேடம். பவித்ராக்காவோட அப்பாவே எடுத்தாரு. எப்ப பரீட்சை எழுதுனா, எந்த ஊரு, எங்க தங்கறது, நைட் ஷிப்ட் உண்டான்னு கேட்டுக்கினே இருந்தாரு. எல்லாம் விவரமா சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“சரிம்மா, சரிம்மான்னாரு. கடைசில ஒண்ணும் பேசல, வச்சிட்டாரு.”

என்னவோ ஒன்றை மறந்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது, எது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். போன வெள்ளிக்கிழமைப் பக்கம், என் கையெழுத்து:

‘பவித்ரா வந்தாள். வேலை கிடைத்தால் அப்பா நம்பருக்குச் சொல்ல வேண்டாமாம். இன்டர்வியூவுக்கு வந்ததே வீட்டுக்குத் தெரியாதாம். நேரம் பார்த்து அவளே சொல்லிக்கொள்வாளாம். தன் நம்பர் கொடுத்தாள். ரெஜிஸ்டரில் மாற்ற வேண்டும்.’

கீழே அவள் நம்பர். பத்து இலக்கமும் அழகாக.

ஆபீஸ் ரெஜிஸ்டரில் எழுத வேண்டியதை என் சொந்த டைரியில் எழுதி மூடி வைத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உடனே அவளுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மூன்று தடவை.

மார்ச் 13, வியாழன்

பௌர்ணமி ஆரம்பம். மதியத்திலிருந்தே ஊருக்குள் கிரிவலக் கூட்டம். பாதி மாணவர்கள் வரவில்லை. பவித்ராவும் வரவில்லை.

பதினொன்றரைக்கு ஒருவர் வந்து மேசை முன் நின்றார். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணெல்லாம் செம்மண். பவித்ராவின் அப்பா ஏழுமலை. கஜா எழுந்து வணக்கம் சொல்லி நாற்காலி போட்டாள். உட்காரவில்லை.

“பவித்ராவோட மார்க் ஷீட்டெல்லாம் இங்க குடுத்து வச்சிருக்காளாம். அத வாங்கிக்கினு போலாம்னு வந்தேன். வேலையெல்லாம் வேணாம்மா.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. நேற்று நிலத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கிக்கொண்டிருந்தாராம். “கை பூரா மண்ணு. போனைக் காதுல வைக்க முடியல, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். எங்க அண்ணன், கூலி ஆளுங்க, அம்மாம்பேரும் கேட்டாங்க. எம் பொண்ணு இன்டர்வியூ போனது எனக்குத் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அவ வந்து எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் இன்னா வேணாம்னா சொல்லுவேன்?”

சொல்லியிருப்பாரா, மாட்டாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

கஜா முகம் வெளுத்துவிட்டது. “மன்னிச்சுடுங்கப்பா, நல்ல சேதியாச்சே, அப்பா காதுல விழட்டும்னுதான்...” என்றாள். அவர் அவளைப் பார்த்து, “நீ இன்னாம்மா பண்ணுவ” என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், ஆனால் வந்தது வேறு. மார்க் ஷீட் இருக்கும் பீரோவின் சாவி டைரக்டரிடம் இருக்கிறது, திங்கள்கிழமை வாருங்கள் ஐயா என்றேன். சாவி என் கைப்பையில்தான் இருந்தது. மார்க் ஷீட் கையை விட்டுப் போனால் வேலையும் போய்விடும் என்று பட்டது.

அவர் போனதும் சார் கூப்பிட்டார். “யாருங்க அந்தாளுகிட்ட போன்ல பேசினது?”

“டெஸ்க் பொண்ணு, சார்.”

“வேணாம், நிறுத்திடுங்க. நாளைக்கு ஊரே திரண்டு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?”

சரி சார் என்றேன். நம்பர் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒரு வாக்கியம்தான். நாக்கு எழவில்லை. என் வேலையே வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, ஜூனில் மறுபடி சார் கையெழுத்து வேண்டும். காரணம் அதுதான், வேறு சமாதானம் எதுவும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஐந்து மணிக்குக் கஜாவிடம், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றேன். “நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதானே மேடம் பேசினேன்? எங்க தப்பு பண்ணேன்?” என்றாள். அப்புறம் பேசலாம் என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து தன் டிபன் பாக்ஸ், இங்க் பேனா, ஒரு சின்னக் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் என்ன சொல்வாளோ.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஆபீஸ் அரை நாள். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே. திண்டிவனம் ரோடு தற்காலிக ஸ்டாண்டு வரை நடந்தேன். செருப்பு கடித்தது, கடிக்கட்டும்.

அவர்கள் நிலத்தை விசாரித்துப் போய்ச் சேர மணி ஒன்று. புங்க மர நிழலில் ஏழெட்டுப் பெண்கள், பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் பவித்ரா. என்னைப் பார்த்ததும் எழுந்து, பிறகு அப்பாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வரப்பிலேயே நின்று சொன்னேன். பவித்ரா முன்கூட்டியே என்னிடம் கேட்டுக்கொண்டாள், அவள் நம்பரை நான்தான் மாற்றாமல் விட்டேன், தப்பு என் மேல் என்று. ஏழுமலையின் அண்ணன், “பொட்டப் புள்ளய படிக்க வச்சா இப்டித்தான்” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பவித்ரா தலை நிமிர்ந்து, “உங்கள நம்பித்தானே மேடம் சொன்னேன்” என்றாள். கோபமே இல்லை குரலில். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஏழுமலை அவளைக் கேட்டார். “இன்னா சொல்லி வச்ச அவங்ககிட்ட?”

“நானே உங்கிட்ட சொல்லிக்கிறேன்னு சொன்னேன்ப்பா. காய் ஆஞ்சு முடிஞ்சதும், நீ ஓய்வா இருக்கறப்போ.”

அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். திங்கள் நாலு மணி என்பதை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கஜாவை நிறுத்தியதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னதற்கே பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கம்.

மார்ச் 15, சனி

துணி துவைத்தேன். கஜாவுக்குப் போன் போட நாலு தடவை எடுத்து நாலு தடவை வைத்தேன். மாவு வாங்கினேன், புளித்திருந்தது.

மார்ச் 17, திங்கள்

புழுக்கம். மேசையில் ஆள் இல்லை, நானே உட்கார்ந்தேன். ஒன்பதரை, பத்து, பதினொன்று. வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருத்தனுடைய இனிஷியலைக் கேட்காமல் எழுதிவிட்டேன்.

பன்னிரண்டுக்கு வந்தார்கள், ஏழுமலையும் பவித்ராவும். மார்க் ஷீட்டுக்கா, கையெழுத்துக்கா என்று முகத்தில் தெரியவில்லை. பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அன்னைக்கு போன்ல பேசுச்சே, அந்தப் பொண்ணு எங்கம்மா?”

“எதுக்குங்க ஐயா?”

“ஹாஸ்டலு, ஷிப்டு, பஸ்ஸு எல்லாம் அதுதான் ஒண்ணு விடாம சொல்லுச்சு. கோவத்துல பாதி காதுல ஏறல. மறுபடி அதுகிட்டயே கேட்டுக்கினு, மனசுக்கு ஒத்துவந்தா கையெழுத்துப் போடலாம்னு வந்தேன். பொய் சொல்லாத பொண்ணாட்டம் இருந்துச்சு.”

சாவி விஷயம் தெரிந்துதான் சொன்னாரோ. தெரியாது. எனக்குக் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து சார் அறைக் கதவு திறந்தது. என்ன விஷயம் என்று வந்து நின்றார். கஜா லீவு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், வாய் வரை வந்தது. சொல்லவில்லை. “அந்தப் பொண்ண நிறுத்திட்டோம் ஐயா. அது மேல தப்பே இல்ல. நம்பர மாத்தாம விட்டது நான். சார் கேட்டப்பவும் நான் சொல்லல” என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்தே.

சார், “அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க?” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜூன் என்ன ஆகுமோ ஆகட்டும்.

ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, என்னால ஒரு பொண்ணுக்கு வேலை போச்சா?” என்றார். இல்லை ஐயா, என்னால் என்றேன். பவித்ராதான் அசைந்தாள். “பி.காம். பிளாக்தானே மேடம்? நான் போய்க் கூட்டியாரேன்.”

ஒன்றரைக்குக் கஜா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே ஏழுமலை எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓசூரிலிருந்து நேர் பஸ் எத்தனை மணிக்கு, நைட் ஷிப்ட் மாதத்தில் எத்தனை நாள், கம்பெனி வேன் ஹாஸ்டல் வாசல் வரை வருமா, எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று ஏழுமலை கேட்டார். கஜா அங்கேயே ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டாள்.

“ஸ்பீக்கர்ல போடட்டாங்கப்பா?”

“வேணாம்மா, காதுலயே குடு.”

பவித்ராவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள்.

இரண்டு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். ஏ என்று எழுதி நிறுத்தி, பேனாவை உதறி, மீதியை எழுதினார். ஸ்கேன் பண்ணி மூன்று ஐந்துக்கு அனுப்பினேன். மூன்று இருபதுக்குக் கம்பெனியிலிருந்து கிடைத்தது என்று பதில். பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் கஜாவிடம் என்னென்னவோ சொன்னேன். தப்பு என்னுது, சார்கிட்ட சொல்லிட்டேன், நாளைக்குக் காலையிலேயே வந்துடு என்று. ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் போட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

“நாலு நாளு, நான் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சிக்கினே இருந்தேன் மேடம். எங்கம்மாகிட்ட பரீட்சைக்குப் படிக்கணும், அதான் போகலன்னு பொய் சொன்னேன். நீங்க ஒரு போன் போட்டிருக்கலாம். பவித்ராக்காவுக்காகத்தான் இன்னைக்கு வந்தேன். நீங்க வேற ஆளு பாத்துக்கோங்க.”