திட்டாமல் கற்றுத்தரப்படும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே. போன வாரம் போனில் கத்தினேனே, என் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரிலேயே ஒரு ஸ்கூல் திறந்து "இங்கே திட்டாமல் கற்றுத்தரப்படும்" என்று என்னைக் குத்திக்காட்டி போர்டு மாட்டினவள் இந்த ஓய்வு விடுதிக்கே வந்துவிட்டாள், அதுவும் அடுத்த அறைக்கு, நீ உடனே லீவு போட்டு வந்து என்னை வேறு இடத்தில் சேர்த்துவிடு என்று. நீயும் பாவம், இடம் தேட ஆரம்பித்திருப்பாய். முதலில் அதை நிறுத்து, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று சாப்பாட்டு ஹாலில் திரை கட்டி ஒரு சிரிப்புப் படம் போட்டார்கள். கதை என்ன தெரியுமா, வயசான காலத்தில் ஒரே ஓய்வு விடுதியில் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு ஜென்ம விரோதிகள். எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ, எல்லோரும் படத்தைப் பாதி எங்களைப் பாதி பார்த்தார்கள். மிச்சமிருந்ததோ ஒரே நாற்காலி, அவள் பக்கத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தில் அந்தக் கிழவர்கள் ஆளுக்கொரு பேட்டரி வண்டியில் பந்தயம் விட்டு நேரே நீச்சல் குளத்தைப் பார்த்துப் போகிறார்கள், ஹாலே விழுந்து விழுந்து சிரிக்கிறது, எனக்கோ உயிரே போய்விட்டது, காலைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். பக்கத்திலும் தொம்மென்று ஒரு சத்தம். பார்த்தால் அவளும் மிதித்திருக்கிறாள், செருப்பு கழன்று ஓடிவிட்டது. இத்தனை வருஷம் கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நம் பக்கம் இருக்கும் பிரேக்கை நம்பிப் பிழைத்தவர்கள், கால் மறக்குமா. அப்புறம் வண்டி குளத்தில் விழுந்ததைக்கூட நாங்கள் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லியும் தேறாத கேஸ்களெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்தன என்று அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள், இது போதாதா எனக்கு.

அறைக்குத் திரும்பும்போது சொன்னாள், மகன்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டானாம், அவன் மெதுவாகத்தான் ஓட்டினானாம், ஆனால் வழியெல்லாம் மிதித்து மிதித்து இறங்கும்போது கால் மரத்துப்போயிருந்ததாம். நீ என்னை இங்கே அழைத்து வந்த அன்று நானும் அதைத்தான் செய்தேன் கண்ணு, நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அந்த வண்டியில் என் பக்கம் பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியாதா என்ன. அம்மாவைத் தள்ளிவிட்டோமோ என்று நீ உள்ளுக்குள் புழுங்குவது தெரியும். வேண்டாம். காலை வெயில் வருகிற ஜன்னலாகப் பார்த்து, குளியலறைக் கைப்பிடி தாங்குமா என்று நீயே அதில் தொங்கிப் பார்த்து எடுத்த அறை இது. பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்பார்கள், நான் சொல்கிறேன். அன்றைக்கு நீ வண்டியை நிறுத்தாமல் ஓட்டினாயே, அதற்கும் சேர்த்து.

குட்டியின் இருமலை டாக்டரிடம் காட்டு, கைவைத்தியம் பார்த்தது போதும். லீவை மட்டும் ரத்து செய்துவிடாதே. வந்து எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஒரு சுற்று கூட்டிப்போ. இருவரும் பின்சீட்டில்தான் உட்காருவது என்று பேசி வைத்திருக்கிறோம், முன்னால் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே வரட்டும், நீங்கள் மூவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே, கூப்பிடுவது நானாக இருந்தாலும்.

உன்னைத் திட்டியே கற்றுக்கொடுத்த
அம்மா