ஒரு காசு வித்தியாசம்

மார்ச் 3, செவ்வாய்

குளிர்கால மேய்ச்சல் நிலத்தை மறுபடியும் தொக்தொசுன்தான் எடுத்தார். எங்கள் இணைய விளையாட்டில் மந்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த நிலம் வேண்டும். கிடைக்காவிட்டால் பனியில் பாதி ஆடு போய்விடும். போன ஏலத்தில் ஒரு காசு வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்த ஏலத்திலும் அதே ஒரு காசு. எப்படி?

கடைசி நொடியில் வந்து தட்டிப் பறிக்கிறார்கள் என்றுதான் மூடிய பெட்டி ஏலம் கொண்டுவந்தேன். ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாது. நேரத்துக்கு முன் பெட்டியைத் திறக்கும் சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று என்னிடம். இன்னொன்று என்னோடு விளையாட்டை நடத்தும் இலியாஸிடம்.

மார்ச் 5

வாரா வாரம் இலியாஸ் தலைநகர் பிஷ்கெக் போவது தொக்தொசுன் ஓட்டும் வேனில். அதுவும் முன் இருக்கையில். இதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

மார்ச் 9

இலியாஸ் வந்தான். இந்தச் சமையலறை மேஜையில்தான் இருவரும் விளையாட்டை உருவாக்கினோம். தம்பி இல்லாத குறையே தெரியாமல் செய்தவன். தேநீர் ஊற்றிக்கொண்டே, வேனில் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். ஆட்டு விலை, மச்சினன் கல்யாணம் என்றான். குரூத் என்னும் காய்ந்த தயிர் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"அக்கா, கேக்கறத நேரா கேளு."

கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். எந்தத் திருடன் ஒத்துக்கொள்வான்? — சே, யாரை என்ன எழுதுகிறேன்.

மார்ச் 27

பொய்ப் பெயரில் ஒரு கணக்கு திறந்து நாளைய ஏலத்துக்கு 1240 காசு கேட்டிருக்கிறேன். இவ்வளவு யாரும் கேட்டதில்லை. இலியாஸ் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லிக்கொடுத்தால், நாளை தொக்தொசுனிடமிருந்து 1241 வரும். வரும். வராமல் எங்கே போகும்?

மார்ச் 28

வரவில்லை.

தொக்தொசுன் கேட்டது 1000. அவருக்கு அடுத்தது 999. ஜெயித்தது என் பொய்க் கணக்கு. திருட்டு நடக்கும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். நடக்காவிட்டால் நிலம் என் தலையில் விழும் என்று தோன்றவே இல்லை.

மார்ச் 29

யார் இந்தப் புது ஆள் என்று காலையிலிருந்து குழுவில் கேட்கிறார்கள். என் ஃபோனிலிருந்து திறந்த கணக்கு என்பது இலியாஸுக்கு ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். வாயே திறக்கவில்லை அவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மதியம் நானே எழுதிவிட்டேன்: கணக்கு என்னுடையது, இலியாஸைப் பிடிக்க வைத்தது, நிலத்தைத் திருப்பித் தருகிறேன்.

யாரும் திட்டவில்லை. தொக்தொசுன் மட்டும் குரல் செய்தி அனுப்பினார்.

"எதுக்கும்மா திருடணும்? கல்யாணச் சீரே ஒம்போது ஒம்போதா வெக்கிற ஊரு. ஏலத்துலயும் ராசின்னு ஆளாளுக்கு 999 போடறீங்க. நான் ஒண்ணு கூட்டிப் போடறேன், அவ்வளவுதான். நீ என்ன போடுவே, சொல்லு?"

நானும் 999தான் போடுவேன். இத்தனை நாள் அந்த ஒரு காசையே முறைத்துக்கொண்டிருந்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. யாரைப் போய் சந்தேகப்பட்டேன்!

ஏப்ரல் 2

இலியாஸ் ஃபோனை எடுக்கவில்லை. இன்றும்.

ஏப்ரல் 25

புது விதிகளை வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். ஏலத்தை நடத்துகிறவர் ஏலம் கேட்கக் கூடாது. பெட்டிக்குச் சாவியே கிடையாது. நேரம் வந்தால் தானாகத் திறக்கும். அதிக விலை கேட்டவருக்கு நிலம், ஆனால் அடுத்தவர் கேட்ட விலையைக் கொடுத்தால் போதும். இனி அவரவர் மனதில் உள்ள விலையைப் பயமில்லாமல் போடலாம்.

மாலையில் இலியாஸ் எல்லாவற்றையும் விளையாட்டில் ஏற்றிவிட்டு எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தான்.

"விதியெல்லாம் ஏத்தியாச்சு மேடம். ஒருதரம் சரிபாத்துக்குங்க."

சரிபார்த்தேன். தவறு ஒன்றும் இல்லை.