ஈரத்துணியின் மறுபக்கம்

உன் வேலையைப் பறித்தது கூடார முதலாளி இல்லை; நான்.

இன்று வண்ணார்பேட்டையில் மறுபடியும் படக்கூடாரம் போட்டிருந்தார்கள். வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கமும் படம் தெரிவதற்காகத் திரைத்துணியில் தண்ணீரை வாரி அடித்தார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும், கையில் பிரம்போடு திரைக்கு முன் நின்று ஊமைப்படத்துக்குக் கதை சொன்ன நீ எதிரே வந்து நின்றாய்.

அப்போது எனக்குக் கல்லூரித் திமிர். "படமும் ஒரு பாஷைதாம்லே. ஒவ்வொரு காட்சியும் ஒரு சொல்லு. மொகத்தக் காட்டி, அடுத்தால எரியுத வீட்டக் காட்டுனா வாக்கியம் ஆயிரும். எல்லாச் சாதிக்கும் தானாப் புரியும்" என்று ஆற்றங்கரையில் உன்னிடம் முழங்கினேன்.

நீ சிரித்தாய். "யாரும் பேசாம வளத்த பிள்ளைக்குப் பேச்சு வருமாலே? ஒருநாள் துணிக்குப் பின்னால உக்காந்து பாரு. எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். நான் சொல்லுத கதையும் அங்கன கேக்காது."

பின்னால் உட்கார வைக்கப்பட்டவர்கள் சேரிக்காரர்கள். நான் போகவில்லை. தீட்டுக்குப் பயந்துதான் போகவில்லை என்பதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

மறுநாள் நீ பிரம்போடு அந்தப் பக்கம் போய் நின்று கதை சொன்னாய். முன்வரிசைப் பண்ணையார் துள்ளி எழுந்தார். "எங்கள விட்டுட்டு எவனுக்குலே கதை சொல்லுத?"

முதலாளி என்னிடம் ஓடி வந்தார். "தம்பி, நீங்க படிச்ச பிள்ளை. கதை சொல்ல ஆளு இல்லாட்டா படம் புரியாதா?"

"படமே பேசும் அண்ணாச்சி."

அந்த ஒரு பேச்சு அவருக்குப் போதுமாக இருந்தது. உன் பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார். தூத்துக்குடியில் மூட்டை தூக்கப் போனாய். அங்கேயே வாந்திபேதி உன்னைக் கொண்டுபோயிற்று. என் கொள்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பேசித்தான் நாலு இடத்தில் பெயர் வாங்கினேன்.

இன்று பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். முன்னால் யாரோ ஒருவன் கதை சொன்னான். ஒரு சொல்லும் எங்களை எட்டவில்லை. திரையில் ஒருவன் கப்பல் ஏறினான். அடுத்து, ஒரு பெண் விளக்கை அணைத்தாள். பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டிருந்தவள் என்னைக் கேட்டாள்:

"ஐயா, அவன் செத்துட்டானா, இல்ல வருவானா?"

எனக்கும் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏலே, எந்திரிச்சு வா. வந்து அவளுக்குச் சொல்லு.