எஸ்போசிட்டோ: தோற்றம், பொருள், பரவல்

ஜூன் 6, 2005, திங்கள்

புதுப் பட்டியல் வந்திருக்கிறது. இத்தாலி. நானூறு குடும்பப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தலைப்பு: தோற்றம், பொருள், பரவல். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பெயர். அமெரிக்காவில் ஒருவர் தன் பெயரைத் தட்டினால் எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் எழுதியது திரையில் வரும். எம்.ஏ. இலக்கியம் இதற்குத்தான் படித்தேன்போல.

எதிர் மேசையில் ஜோவிதா. நான் எழுதுவதைத் திருத்துகிறவள். பட்டியலில் விரல் வைத்துக் காட்டினாள். எஸ்போசிட்டோ. எங்கள் பெயர். அவளுக்கும் எனக்கும் ஒரே குடும்பப் பெயர். ஜனவரியில் அவள் சேர்ந்தபோது அவளுக்கு வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் எனக்கு வந்தன. அப்படித்தான் பேச ஆரம்பித்தோம்.

"இத நீ எழுது, க்ளென். நான் ஒரு வார்த்த மாத்த மாட்டேன்," என்றாள்.

ஜூன் 11, சனி

எங்கள் கல்யாண விஷயத்தை வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவு. நாளை நான். அடுத்த வாரம் அவள்.

ஜூன் 12, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன்.

நிதானமாக எழுத வேண்டும். பிரேசர் டவுனில் அப்பாவுக்கு 'இத்தாலிக்காரர்' என்று பெயர். 1943இல் கன்னியர் மடத்து இல்லத்தில் இருந்த குழந்தை. இரண்டு வயதில் ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது. ரெமிஜியஸ் எஸ்போசிட்டோ என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. அந்த நாளில் பெங்களூரில் இத்தாலியப் போர்க்கைதிகளின் முகாம் இருந்தது. அப்பாவுக்குப் பூனைக்கண். பிறகென்ன, ஒரு சிப்பாய், ஒரு தமிழ்ப் பெண். அறுபது வருடமாக அவர் அந்தச் சிப்பாயின் மகன்.

பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்காப்பா. அவளும் எஸ்போசிட்டோ."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "அவ அப்பா பேரு?"

"ஓஸ்வால்ட். தங்கவயல்காரர். சுரங்கத்த மூடினப்புறம் ஈஜிபுரால இருக்காங்க. அவரும் மடத்துலருந்து எடுத்து வளத்தவராம்."

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

"பிரிஜெட்!" அம்மாவைக் கத்திக் கூப்பிட்டார். "எனக்குத் தம்பி இருக்கான்டி! கேம்ப் நாலஞ்சு வருஷம் இருந்துச்சில்ல? எங்கப்பன் சும்மா இருந்திருப்பானா? கில்லாடி!" சிரித்தார். அழுதார். எச்சில் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், அவ உனக்குத் தங்கச்சிடா."

சித்தப்பா மகள். சொல்ல வந்த வாக்கியத்தின் மறுபாதி என் வாயிலேயே இருக்கிறது.

இது எங்களுக்கு முன்பே தோன்றவில்லையா? அப்பாவின் கதையை நான் நம்பியதே இல்லை. நம்பாத கதையில் எனக்கு ஒரு வேடம் வரும் என்று எப்படித் தெரியும்?

ஜூன் 13, திங்கள்

அப்பா காலையிலேயே ஆட்டோ பிடித்து ஈஜிபுரா போய்விட்டார். பத்து மணிக்கு ஜோவிதா போன் செய்தாள். லீவு போட்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் வாசல்ல நின்னு கட்டிப்பிடிச்சு அழறாங்க. தெருவே வேடிக்க பாக்குது. நான் என்ன பண்ணட்டும்?"



ஜூன் 15, புதன்

கம்பெனி வண்டியில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஓசூர் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் அவள் பின்னங்கழுத்து.

ஜூன் 22, புதன்

எங்கள் பெயரின் முறை வந்தது.

தோற்றம்: நேப்பிள்ஸ். ஒரு மடத்துச் சுவரில் சுழலும் மரத்தொட்டில். வெளியிலிருந்து குழந்தையை வைத்துத் திருப்பினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் தெரியாது. அப்படி வந்த குழந்தைகளுக்கெல்லாம் இந்த ஒரே பெயர்.

பொருள்: வெளியே விடப்பட்டது.

பரவல்: மிக அதிகம். அந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு. இத்தனை பேர் இருப்பதற்குக் காரணம், அவர்கள் ஒரு குடும்பம் இல்லை என்பது.

மூன்று முறை படித்தேன். அப்படியானால் ஜோவிதா எனக்கு யாரும் இல்லை. யாரும் இல்லை என்பதில் இவ்வளவு சந்தோஷமா? வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம்.

பிறகு இன்னொன்று உறைத்தது. அப்படியானால் அப்பாவுக்கும் யாரும் இல்லை.

டீம் லீட் ராகேஷ் திருப்பி அனுப்பினான். "ஏன் குரு, பேரத் தேடி ஆசையா வர்றவன்கிட்ட 'உங்க தாத்தாவ வீசிட்டுப் போயிட்டாங்க'ன்னு சொல்லுவியா? பாசிட்டிவா எழுது."

ஜூன் 25, சனி

மடத்துக்குப் போனேன். ஞானஸ்நானப் பதிவேட்டை ஒரு சிஸ்டர் எடுத்துக் காட்டினார். 1943, பிப்ரவரி: ரெமிஜியஸ் எஸ்போசிட்டோ. தந்தை: தெரியாது. தாய்: தெரியாது. அடுத்த வரி, வேறொரு பெயர், எஸ்போசிட்டோ. அதற்கடுத்த வரியும். விரல் வைத்து எண்ணினேன். இரண்டு வருடத்தில் பத்தொன்பது. பதினான்காவது ஓஸ்வால்ட்.

"அப்ப இருந்த மதர் நேப்பிள்ஸ்காரங்களாம்," என்றார் சிஸ்டர். "அவங்க ஊர்ல பழைய காலத்துல அப்படித்தான் வெப்பாங்களாம். அதே ஞாபகத்துல வெச்சிட்டாங்க. அவங்க போனப்புறம் வந்த மதர் எல்லாருக்கும் தாமஸ்னு வெச்சாங்க."

அந்தப் பெயரை இனி எந்தக் குழந்தைக்கும் வைக்கக் கூடாது என்று நேப்பிள்ஸிலேயே அதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே தடை போட்டிருந்தார்கள். அவமானம் என்று. அந்த அம்மாளுக்கு அது ஊர் வாசனை. அவ்வளவுதான். நாங்கள் ஒரு கிழவியின் ஊர் ஞாபகம்.

ஜூன் 27, திங்கள்

கேன்டீனில் ஜோவிதாவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், அது நிஜம். பிறகு அணைந்தது.

"எங்கப்பாவுக்கு சொந்தம்னு யாருமே கெடையாது, க்ளென். வளத்தவங்க வீட்ல அவரு வேலைக்காரன் மாதிரிதான். அறுபத்தோரு வயசுல மொத தடவ ஒருத்தர் 'டேய் தம்பி'ங்கறார். தெனம் சாயந்தரம் ஷேவ் பண்ணிட்டு உங்கப்பாவுக்காகக் காத்துட்டு நிக்கறார்."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. சொல்லிடு. என்னால முடியாது. நீ சொல்லு. ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வர்றோம்."

ஜூலை 3, ஞாயிறு

சொல்லத்தான் தயாராக இருந்தேன். பதிவேட்டிலிருந்து எழுதி வந்த தாள் சட்டைப் பையில்.

இன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை ஃபாதர் வாசித்தார். "இறந்துபோன எஸ்போசிட்டோவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. மன்றாடுபவர்கள், மகன்கள் ரெமிஜியஸ், ஓஸ்வால்ட்." இரண்டு பேரும் முதல் பெஞ்சில், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. சிப்பாய்க்கு முதல் பெயர் கிடையாது. ஃபாதரும் கேட்கவில்லை.

வீட்டில் மீன் குழம்பு. அப்பா முள் எடுத்துச் சித்தப்பாவின் தட்டில் வைத்தார். — சித்தப்பா என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

"நீ அவர மாதிரியே சாப்பிடற," என்றார் அப்பா.

"நீதான் அவரப் பாத்ததே இல்லையேண்ணே?"

"பாக்கணுமா என்ன? ரத்தம்டா!"

ஜோவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்றா, வேண்டாம் என்றா? நான் பையில் கை விட்டேன். தாள் விரலில் பட்டது. எடுக்கவில்லை.

அவள் தலை குனிந்துகொண்டாள். பிறகு, முதல் முறையாக:

"அண்ணா, அந்தத் தண்ணிய எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 5, செவ்வாய்

கோழை. இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயர் வைப்பதுதானே என் தொழில்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பெரியப்பாவின் கடமையாம். கூக்ஸ் டவுன் பையன், பள்ளிக்கூட வாத்தியார், நல்லவனாகத்தான் தெரிகிறான். ஜோவிதா சரி என்றாள். நான் தனியாகக் கேட்டதற்கு ஒரே வார்த்தை: "நேரம் குடுத்தேனே."

ஆமாம். எட்டு ஞாயிறு கொடுத்தாள்.

செப்டம்பர் 9, வெள்ளி

வேலையை விட்டுவிட்டாள்.

அக்டோபர் 30, ஞாயிறு

கோயிலில் ஜோவிதாவின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

எனக்குத் தெரிந்தது, வேறொரு திருமணத்துக்குத் தடை இல்லை என்பது. அதை யாரிடம் தெரிவிப்பது?

நவம்பர் 6, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

நவம்பர் 13, ஞாயிறு

மூன்றாவதும். திரும்பி வரும்போது அம்மா கேட்டாள்: "அன்னிக்கு அந்தப் பொண்ணப் பத்தி வேற என்னமோ சொல்ல வந்தேல்ல?"

"இல்லம்மா."

கொஞ்ச தூரம் நடந்தாள். "இல்லன்னா சரி," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வரை வந்தாள்.

நவம்பர் 21, திங்கள்

கல்யாணப் பூசை முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து. மணமகள் பக்கச் சாட்சியாக என்னை முன்னால் தள்ளினார்கள். ஜோவிதா பக்கத்தில் நின்றாள், மல்லிகையும் புதுப்பட்டு வாசனையுமாக. அவள் என்னைப் பார்க்கவில்லை.

பங்கு அலுவலகத்துக்காரர் பேனாவை நீட்டினார். "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பாவும் ஓஸ்வால்டும் ஒன்றாகச் சொன்னார்கள். ஒன்றாகச் சொன்னதற்காக இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அண்ணன் என்று எழுதியிருந்ததற்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன்.